இரைச்சலுக்கு முகவரி உண்டு

"வண்டின்னா சத்தம் வரத்தான் செய்யும்" என்று யாராவது உன்னிடம் சொன்னால், அந்த இடத்திலேயே மறுத்துவிடு. காரில் பொருத்திய வயர்லெஸ் செட்டில் எஞ்சின் ஓடத் தொடங்கியதுமே ஓர் ஊளை கிளம்புகிறது. ஆக்சிலேட்டரை மிதித்தால் அதற்கும் சுருதி ஏறுகிறது. எதிர்முனையில் யாரோ பேசுகிறார், ஒரு சொல்லும் விளங்கவில்லை. பெரும்பாலோர் இந்த இடத்தில் வால்யூமைக் குறைத்துவிடுவார்கள். நீ குறைக்காதே. அந்த ஊளை எங்கோ ஓரிடத்தில் பிறந்து, ஏதோ ஒரு வழியாகத்தான் உன் செட்டுக்குள் வருகிறது. பிறந்த இடமும் வந்த வழியும் இருக்கிறதென்றால், அதை உன்னால் பிடிக்க முடியும்!

முடியாது என்று சொன்னவர்கள் சாதாரண ஆட்கள் அல்லர் என்பதையும் தெரிந்துகொள். 1922இல் ஜான் கார்சன் என்ற அமெரிக்க வல்லுநர், எஃப்.எம். முறையால் லாபம் எதுவும் இல்லை என்று கணக்குப் போட்டே காட்டினார். கணக்கில் பிழை இல்லை. ஆனால் அது குறுகிய அலைவரிசைக்கான கணக்கு. எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் என்ற பொறியாளர் அலைவரிசையை அகலமாக எடுத்தார். 1933இல் காப்புரிமை பெற்றார். 1935 நவம்பரில் நியூயார்க்கில் பொறியாளர்கள் கூடிய அவையில் இரைச்சலற்ற குரலைக் கேட்க வைத்தார். 1940 வாக்கில் கனெக்டிகட் மாநிலப் போலீஸ் கார்களில் டேனியல் நோபிள் வடிவமைத்த எஃப்.எம். செட்டுகள் ஓடின. எஞ்சினின் படபடப்பில் மூழ்கிக் கிடந்த கார் ரேடியோவுக்கு அப்படித்தான் விடிவு வந்தது. பெரிய மனிதர் போட்ட கணக்கென்று ஆர்ம்ஸ்ட்ராங் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. நீ மட்டும் ஏன் உட்கார வேண்டும்?

உன் நிலைமை அவருடையதைவிடக் கொஞ்சம் கடினம்தான். 7 மெகாஹெர்ட்ஸில் எஸ்.எஸ்.பி. (ஒற்றைப் பக்கப்பட்டை) முறையில் பேசும் ஹாம், அதாவது அமெச்சூர் ரேடியோக்காரன் நீ. எஃப்.எம். தரும் பாதுகாப்பு உனக்கு அங்கே இல்லை. சரி, அதனால் என்ன? கையில் ஸ்குரூ டிரைவர் இருக்கிறது. எழுந்து வா.

எஞ்சின் ஓடட்டும். செட்டின் பின்னால் இருக்கும் ஆன்டெனா கேபிளைக் கழற்று. கழற்றியபின் மைக்கை மட்டும் அழுத்திவிடாதே, செட் கெட்டுவிடும். இரைச்சல் அடங்கிவிட்டதா? அப்படியானால் அது ஆன்டெனா வழியாக வருகிறது. அடங்கவில்லையா? கரண்ட் வயர் வழியாக வருகிறது. சந்தேகம் இருந்தால் செட்டை வண்டியின் பேட்டரியிலிருந்து பிரித்து, தனியாக ஒரு பேட்டரியில் ஓட்டிப் பார். இந்தச் சின்னச் சோதனையில் பாதி எதிரிகள் களத்தைவிட்டு வெளியேறிவிடுவார்கள். இதைச் செய்யாமல் கடைக்கு ஓடி ஃபில்டர் வாங்கிக் குவிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தம்தான் வருகிறது. காசு போவதுகூடப் பெரிதில்லை, "நம்மால் ஆகாது" என்ற எண்ணம் மனதில் தங்கிவிடுகிறதே, அதுதான் பெரிய நஷ்டம்.

இனி உன் காதை நம்பு. எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஊளை ஆல்டர்னேட்டருடையது. அதற்குள்ளிருக்கும் டையோடுகளில் ஒன்று செத்துப்போனாலே ஊளை பலமாகிவிடும். செட்டுக்கான வயரை டேஷ்போர்டிலிருந்து இழுக்காதே. தடிமனான வயரை நேராகப் பேட்டரியிலிருந்து கொண்டுவா, பேட்டரிக்கு அருகிலேயே பியூஸ் போடு. 100 வாட் செட் பேசும்போது 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மெல்லிய வயர் அதைத் தாங்காது. புது வண்டிகளில் பேட்டரியின் நெகட்டிவ் முனையில் சென்சார் இருக்கும். அப்படியிருந்தால் பேட்டரியின் எர்த் கேபிள் பாடியில் வந்து சேரும் இடத்தில் உன் நெகட்டிவ் வயரை இணை. ஏர்பேக் வயர்களின் பக்கம் கையே போகக் கூடாது.

டக்டக்கென்று தெறித்து, வேகம் கூடக் கூட நெருங்கி வரும் சத்தம் ஸ்பார்க் பிளக்கினுடையது. 1887இல் ஹைன்ரிஷ் ஹெர்ட்ஸ் மின்பொறியைக் கொண்டுதான் ரேடியோ அலைகளை எழுப்பினார். பெட்ரோல் எஞ்சினும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால் நொடிக்கு 100 பொறி! பிரம்மாண்டமாகத் தெரிகிறதா? பிளக்கின் உள்ளே 5000 ஓம் அளவிலான ஒரு தடை இருந்தாலே அதன் கொட்டம் பெருமளவு அடங்கும். ரெசிஸ்டர் பிளக் என்று கேட்டு வாங்கு, பழைய பிளக் வயரையும் மாற்று.

சாவியைத் திருப்பியதும், எஞ்சின் ஓடத் தொடங்கும் முன்பே கேட்கிற ரீங்காரம் பெட்ரோல் டாங்கிலிருக்கும் பம்புடையது. வைப்பர், ஏசி விசிறி, எல்.இ.டி. விளக்கு என்று ஒவ்வொன்றாகப் போட்டு நிறுத்திக் கேள். மலிவான போன் சார்ஜரை முதலில் பிடுங்கு. விரல் அளவு பொருள், அலைவரிசைப் பட்டை முழுவதையும் பாழாக்கிவிடும். டீசல் வண்டி என்றால் பிளக் தொல்லை இல்லை, ஆனால் இன்ஜெக்டர் வயர்களைச் சந்தேகப்படு.

ஆன்டெனா வழியாக வரும் இரைச்சலுக்கு உலோகத்தோடு உலோகத்தைச் சேர்ப்பதுதான் மருந்து. ரப்பரில் தொங்கும் சைலன்சர் குழாய், எஞ்சினின் இரைச்சலை வாங்கி வீசும் ஆன்டெனாவாக மாறியிருக்கும். அதைச் சேசிஸோடு பல இடங்களில் அகலமான, குட்டையான பின்னல் பட்டையால் கட்டு. பானட்டையும் கட்டு. கட்டும் இடத்தில் பெயின்டைச் சுரண்டு, பளபளக்கும் இரும்பு தெரியட்டும். இரைச்சல் எழுப்பும் வயர்களை ஃபெரைட் வளையத்துக்குள் விடு. ஒரு சுற்றுக்குப் பதில் மூன்று சுற்று சுற்றினால் தடுப்பு ஏறத்தாழ ஒன்பது மடங்கு. உன் 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு 31 என்ற கலவை எண்ணுள்ள ஃபெரைட் நன்றாக வேலை செய்யும். நாய்ஸ் பிளாங்கர் பொத்தானை இதற்கெல்லாம் பிறகு தொடு. அது பொறியின் சத்தத்தை மறைக்கும், ஆனால் பக்கத்தில் பலமான நிலையம் வந்தால் கேட்பதையே சிதைத்துவிடும்.

ஒரே நாளில் முழு அமைதி வரும் என்று எதிர்பார்க்காதே. ஓர் எதிரி விழுந்த பிறகுதான் அவன் பின்னால் ஒளிந்திருந்த அடுத்தவனின் குரல் கேட்கும். பலர் கைவிடும் இடம் இதுதான். "இவ்வளவு செய்தும் போகவில்லையே" என்கிறார்கள். போயிருக்கிறது, தம்பி! செட்டில் சிக்னல் பலத்தைக் காட்டும் எஸ்-மீட்டரைப் பார். முன்பு எஸ்-7இல் நின்ற முள் இப்போது எஸ்-6இல் நிற்கிறது. ஒரு எஸ் அளவு என்பது 6 டெசிபல். உன் வண்டியில் 6 டெசிபல் இரைச்சல் குறைந்தால், உன்னிடம் பேசுகிற ஒவ்வொருவரும் தங்கள் பவரை நான்கு மடங்காக்கியதற்குச் சமம். அவர்கள் யாரும் ஒரு பைசா செலவழிக்கவில்லை. நீ சுரண்டிய பெயின்டும் கட்டிய பட்டையும் தந்தது அது. நோட்டில் எழுதி வை, அடுத்ததைத் தேடு.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அடித்தபோது, அமெச்சூர் ரேடியோப் பயணமாகப் போர்ட் பிளேயர் வந்திருந்த பாரதி பிரசாத்தும் அவர் குழுவினரும் தங்கள் செட்டுகளைக் கொண்டே அந்தமானிலிருந்து செய்திகளை வெளியே கொண்டுசேர்த்தார்கள். அப்படி ஒரு நாளில் போன் கோபுரம் இருக்காது. தூரத்தில் ஒருவர் தேய்ந்துபோன பேட்டரியில், வளைந்த கம்பியை ஆன்டெனாவாக்கி அழைப்பார். எஸ்-3 அளவில் வரும் அந்தக் குரல், எஸ்-7 இரைச்சல் உள்ள வண்டிக்குள் நுழையவே முடியாது. அந்தக் குரலுக்கு இடம் ஒதுக்கும் வேலையைத்தான் நீ இப்போது செய்கிறாய்.

இந்த ஞாயிறு, மின்கம்பிகளைவிட்டுத் தள்ளி ஒரு வெட்டவெளியில் வண்டியை நிறுத்து. எஞ்சின் நின்றிருக்கும்போது மீட்டர் காட்டுவதை எழுது, ஓடும்போது காட்டுவதையும் எழுது. இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் உன் வேலை. கேபிளைக் கழற்று.