ஒளிந்து நிற்கும் மாளிகை

செல்வம் அடக்கமாக இருக்க முடியுமா? அறநூல்கள் மனிதனிடம் கேட்கும் இக்கேள்வியைக் கட்டடங்களிடமும் கேட்கலாம் என்பது என் எண்ணம்.

ஆசியாவின் ஆடம்பர ஹோட்டல்கள் பலவற்றின் விடை வெளிப்படையானது. சிங்கப்பூரில் 2010இல் திறக்கப்பட்ட மரீனா பே சாண்ட்ஸ், 55 மாடிகள் கொண்ட மூன்று கோபுரங்களின் தலைமீது கப்பலைப் போன்றதொரு பூங்காவைச் சுமந்து நிற்கிறது. தன்னைப் பார் என்கிறது. அதில் கர்வம் உண்டு, பாசாங்கு இல்லை.

தம்புள்ளைக்கு அருகே, கண்டலம குளக்கரையில் 1994இல் திறக்கப்பட்ட ஹோட்டல் இதற்கு நேர்மாறானது. அதை வடிவமைத்தவர் ஜெப்ரி பாவா. தந்தைவழியில் முஸ்லிம் பூர்வீகமும் கொண்ட அவருக்கு 2001இல் ஆகா கான் கட்டடக்கலை விருதின் தலைவர் விருது கிடைத்ததை வாசகர்கள் அறிவார்கள். சீகிரியாக் குன்றின் அடிவாரத்தில் ஹோட்டல் கட்டவே முதலில் எண்ணியிருந்தார்கள். பாவா அதை ஏற்கவில்லை. குன்றைத் தூரத்திலிருந்து பார்க்கத்தக்க இவ்விடத்தைத் தேர்ந்தார். ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் நீளத்துக்கு மலைச்சரிவோடு வளைந்து செல்லும் கட்டடம் அது. தூண்கள்மீது நிற்பதால் மழைநீர் அதன் கீழாக ஓடிவிடுகிறது. கூரையில் செடிகள்; முகப்பெங்கும் கொடிகள். நடைவழிகளில் பாறையை உடைக்காமல் அதனருகே சுவர் ஒதுங்கி நிற்கிறது. குளத்தின் அக்கரையிலிருந்து பார்ப்பவனுக்குக் காடுதான் தெரியும்.

ஆனால் மறைந்திருப்பது மட்டும் அடக்கமாகிவிடுமா?

1990களின் தொடக்கத்தில் இந்த ஹோட்டலுக்குப் பலத்த எதிர்ப்பு எழுந்தது. விகாரையின் புனிதம், குளத்து நீரின் தூய்மை, கிராமத்தவரின் வாழ்வு ஆகியவை பற்றிப் பிக்குகளும் சூழலியலாளரும் குரல் எழுப்பினர். கட்டடத்தின் அழகு அந்தக் கேள்விகளுக்கு விடையாகாது. வயலுக்காக வெட்டப்பட்ட குளத்தின் காட்சி இன்று அறை வாடகைக்குள் அடங்கிவிட்டது. வேறு மனிதர் எவரும் கண்ணில் படாத அமைதி அங்கே விற்பனைக்குரிய பொருள். இப்படிப் பார்த்தால், ஒளிந்திருப்பது ஆடம்பரத்தின் இன்னும் விலையுயர்ந்த வடிவம் எனலாம்.

இருந்தும் பாவாவின் அடக்கத்தைப் பொய் என்று தள்ள என் மனம் ஒப்பவில்லை. தன்னால் செய்ய முடிந்ததைச் செய்யாமல் விடுவதே அடக்கத்தின் அளவுகோல். சீகிரியாவின் காலடியைத் தீண்டாமல் விட்டதும் பாறையை வெட்டாமல் விட்டதும் அத்தகையவை. ஆனால் பாறைக்கு வழிவிடுவது ஓரளவு இலகு. பாறை எதையும் கேட்பதில்லை. அயலவன் கேட்பான். மண்ணுக்குக் காட்டும் மரியாதையும் மனிதனுக்குச் செய்யும் நீதியும் வெவ்வேறு கடன்கள். ஒன்றைத் தீர்த்ததால் மற்றது தீர்ந்துவிடாது.

இது ஹோட்டல்களோடு முடியும் விடயமல்ல. வெளிநாட்டு உழைப்பில் நமது ஊர்களில் எழும் வீடுகளைப் பாருங்கள். ஒன்றின் மாடி அடுத்த வீட்டின் காற்றை மறிக்கிறது. அதன் மதில் நெடுநாள் நடந்த ஒழுங்கையைச் சுருக்குகிறது. அவ்வீடுகளை வரைபவர் பாவாவிடமிருந்து கொடிகளையும் முற்றத்தையும் கடன் வாங்கலாம்; நல்லதுதான். அதற்கு முன் கற்க வேண்டியது, எந்த இடத்தில் கட்டாமல் விடுவது என்பதை. அந்த முடிவை எடுக்கும்போது, அடுத்த வீட்டுக்காரனையும் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.