குடிப்பெயர் விசாரம்

உலகத்துப் பொருள்கள் யாவும் பெயரும் வடிவும் பற்றியே உணரப்படுவன. நிலம், குடி, குழு, வினை முதலியன காரணமாக மக்கட் கூட்டத்தார்க்குப் பெயர் வழங்குமாற்றைத் தொல்காப்பியனார் பெயரியலுள் வகுத்தோதினார். அப்பெயரை இடுதற்குரியார் அக்குடியினரோ, அவரைக் கண்ட பிறரோ? இவ்வினாச் சொல்லாராய்ச்சியளவில் முடிவதன்று, அறத்தின்பாற் பட்டதுமாம்.

சிவஞானசித்தியார் அளவை கூறுமிடத்து, ஐயக்காட்சி, திரிவுக்காட்சிகளின் வேறாக நிருவிகற்பம், சவிகற்பம் என்னும் இருவகைக் காட்சியை உணர்த்தும். பொருளின் உண்மைமாத்திரை காண்டல் நிருவிகற்பம்; பெயர், சாதி, குணம், கன்மம், பொருள் என்னும் ஐந்தோடுங் கூட்டியறிதல் சவிகற்பம். எனவே, பொருளைக் கண்டபின் பெயர் வருதலே முறை. பெயரை முன்வைத்துப் பொருளைப் பின்காண்பார்க்கு நிகழ்வது பெரும்பாலும் திரிவேயாம்.

இதற்குத் தமிழ்மக்களே சான்றாவர். மேல்கடற்கரையில் இறங்கிய பறங்கியர், அந்நாட்டிற்கு வழங்கிய மலபார் என்னும் பெயரைத் தமிழர்மேலும் ஏற்றினர். 1578-ல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் தன் மொழியை மலபார்த் தமிழ் எனக் குறித்தது. 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு சோழநாட்டுத் தமிழரையும் அப்பெயராலேயே எழுதினார். இலங்கையில் ஒல்லாந்தரும் பின்னர் ஆங்கிலேயரும் அவ்வாறே அழைத்தனர். மலைநாட்டின் பெயரைச் சமவெளியார் சுமக்கலாயினர்.

பிறர் தமக்குச் செய்த இதனைத் தமிழரும் பிறர்க்குச் செய்தனர். வாக்ரி எனத் தம்மைக் கூறும் குடியினர்க்கு நரிக்குறவர், குருவிக்காரர் எனப் பெயரிட்டனர். அவர் பேசுமொழி வடநாட்டு மொழிகளின் இனத்தது. தமிழ்க் குறவரோடு இயைபில்லாதது. அவரைப் பழங்குடிகளுள் வைத்து 2022-ல் நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றியபோதும் அட்டவணையிற் புகுந்தவை அவ்விரு பெயர்களே.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திற்கு மேற்கே நிற்கும் மலைச்சாரலில் தேனும் கிழங்கும் கொண்டு வாழ்ந்துவந்தவர் பளியர். அவர் பெயரோ, அரசாங்க அட்டவணையில் 30, 31, 32 என்னும் மூன்று எண்களில் பள்ளேயன், பள்ளியன், பள்ளியர் என மூன்றாய் நிற்கின்றது. எழுத்து வேறுபாடே குடி வேறுபாடாயிற்று. சென்று கண்டு கேட்டறியாது பெயரை மட்டும் எழுதிக்கொண்டதன் பயன் இதுவாம்.

அற்றேல், பெயர் உடம்பின் மேலதன்றோ? உயிர்க்குச் சாதியும் பெயரும் இன்மையின், யாது கூறி அழைப்பினும் இழுக்கென்னை எனின், அற்றன்று. அவ்வுண்மை தன் பெயரைத் துறக்கும் ஞானிக்கு அணியாகும்; பிறன்மேல் இழிபெயர் சுமத்துவானுக்கு அரணாகாது. உடம்பு நிலையாதென்று கூறிப் பிறனைப் புடைத்தல் அறமாமோ? மனம், வாக்கு, காயம் என்னும் மூன்றானும் வினை ஈட்டப்படுதலின், இகழ்ந்திட்ட பெயரும் இட்டானையே சாரும்.

இனி, தாமே இட்டுக்கொள்ளும் பெயர் செருக்கின்பாற் படாதோ எனின், பிறரைத் தாழ்த்தித் தம்மை உயர்த்துதற்கு இடும் பெயர் ஆணவத்தின் செயலே, அதனை விலக்குக. இழிவு நீங்குதற்கு வேண்டும் பெயர் அன்னதன்று. எம். சி. ராஜா முதலியோர் வேண்ட, 1922-ல் சென்னை அரசாங்கம் ஆதிதிராவிடர் என்னும் பெயரை ஏற்றது இவ்வாறு நேர்ந்ததே. ஒரு குடி தன்னை இன்னதென்று கூறுமாயின், அதனைக் கேட்டு அவ்வாறே அழைத்தல் மனிதர்க்குக் கடன்.

மடவார் வளாகத்தில் எழுந்தருளிய பெருமான் நாமரூபங் கடந்தவன். தன் தாயின் வரவை நோக்கித் தனித்து வருந்திய கருவுற்றாள் ஒருத்திக்கு, அவள் தாயாகவே வந்து மகப்பேறு பார்த்தான் என்பது அத்தல வரலாறு. தன் பெயரையோ தன் பெருமையையோ அவன் அவளுக்கு முன்வைத்திலன். அவள் எப்பெயரை வாய்விட்டழைத்தாளோ அப்பெயர்க்குரியாளாய் வந்தான். நோய் தீர்க்கும் அச்செயலுக்கேற்ப வைத்தியநாதன் எனவும் நின்றான். பெயரில்லாத முதல்வனே ஓர் எளியவள் வேண்டிய பெயர்க்கு இணங்கினானாயின், பெயரால் வாழும் மனிதர், மலைச்சாரலில் வாழும் குடியை அது விரும்பும் பெயரால் அழைத்தற்கு இணங்காமை யாது கருதியோ?

திருச்சிற்றம்பலம்.