நிரூபணம் எதை உறுதி செய்கிறது?

ஒரு நிரலை ஓட்டிப் பார்ப்பது, பார்த்த தருணங்களுக்கு மட்டுமே சாட்சி. பார்க்காதவற்றைப் பற்றிப் பேச அதற்கு உரிமையில்லை. 1998இல் பாரிஸில் திறக்கப்பட்ட, ஓட்டுநரில்லாத 14ஆம் மெட்ரோ தடத்துக்கு அந்தச் சாட்சி போதவில்லை. ழான்-ரேமோன் அப்ரியால் வகுத்த ‘பி’ முறைப்படி, பாதுகாப்புத் தேவைகளைக் கணித மொழியில் எழுதி, படிப்படியாக நிரலாக விரித்து, எந்தப் படியும் முந்தையதை மீறவில்லை என்று நிரூபித்தார்கள். அப்படிப் பிறந்த, ஆடா என்ற நிரல்மொழியில் அமைந்த நிரல் சுமார் 86,000 வரிகள்.

இப்படி நிரலை நிரூபிக்கும் எண்ணத்தின் அடிவேரையே 1988இல் தத்துவவாதி ஜேம்ஸ் ஃபெட்சர் அசைத்திருந்தார்: நிரூபணம் கருத்துலகைச் சேர்ந்தது, ஓடும் நிரலோ பௌதிகப் பொருள், அதற்குக் கணித உறுதி எப்படிக் கிடைக்கும்? வலுவான மறுப்புதான். சிப் பழுதாகலாம், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் தொகுப்பி பிழை செய்யலாம். ஆனால் இது நிரூபணத்தின் எல்லையைக் காட்டுகிறது, பயனின்மையை அல்ல. எந்த அனுமானங்களின்மேல் நிற்கிறோம் என்று எழுதிவைக்க நிரூபணம் கட்டாயப்படுத்துகிறது. அதன்பின் எதைச் சந்தேகிக்க வேண்டும் என்பதாவது தெரியும்.

தேவையே தவறாக எழுதப்பட்டிருந்தால்? இதுதான் என்னை அதிகம் உறுத்தும் கேள்வி. தவறான தேவையையும் பழுதின்றி நிரூபித்துவிடலாம். எது பாதுகாப்பு என்பதை மனிதரே தீர்மானிக்க வேண்டும், சூத்திரம் தீர்மானிக்காது. ஆனாலும் சூத்திரமாக எழுதும்போதுதான் இரண்டு தேவைகள் ஒன்றோடொன்று முரண்படுவது, ரயில் நகர்வதற்கு முன்பே, கண்ணில் படுகிறது.