நாடாவில் உதிர்ந்த ஒரு கணம்

'ஹவ் டு நேம் இட்' 1986இல் வெளிவந்த இளையராஜாவின் கருவியிசைத் தொகுப்பு. தியாகராஜருக்கும் மேற்கத்திய இசைமேதை பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்டது. 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்ற பகுதியில், பாக் தனி வயலினுக்கு எழுதிய மூன்றாம் பார்ட்டிட்டாவின் முன்னிசையை வி. எஸ். நரசிம்மன் வாசிக்க, சுற்றிலும் இளையராஜாவின் இசை எழுகிறது.

மயிலாப்பூரில் இதைக் கேட்டே வளர்ந்த ஒருவருக்கு அதில் ஓர் இடம் உயிர். விரைந்தோடும் வயலின் சட்டென்று அடங்கி, மூச்சு வாங்கியதுபோல் மறுபடி எழும். அரை விநாடிகூட இராது. பல ஆண்டுகள் கழித்து, அடையாற்று வீட்டில் துல்லியமான டிஜிட்டல் பிரதியைக் கேட்டார். அந்த இடம் வந்தது. வயலின் அடங்கவில்லை.

காரணம் எளியது. அவரிடம் இருந்தது தி.நகர் ரெக்கார்டிங் சென்டர் ஒன்றில் வெற்றுக் கேசட்டில் பதிந்து வாங்கிய பிரதி. கேசட் நாடாவின் அகலம் 4 மில்லிமீட்டருக்கும் குறைவு, விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் நகரும். மேலே பூசிய காந்தத் துகள் ஓரிடத்தில் உதிர்ந்தால் அங்கே ஒலி அமுங்கும். ரீமாஸ்டரிங் செய்பவர்கள் இத்தகைய பிரதிகளைத் தாண்டி மூல நாடாவுக்கே போகிறார்கள். இரைச்சலைக் குறைத்து, ஒலிகளின் விகிதத்தைச் சீராக்குகிறார்கள். பாக்கின் முன்னிசையோ ஏறக்குறைய முழுக்க இடைவிடாத துரித ஸ்வரங்களால் ஆனது. மூச்சு வாங்க அதில் இடமே இல்லை.

மூலத்துக்கு உண்மையானது புதிய பிரதிதான், அதில் ஐயமில்லை. ஆனாலும் அந்த அரை விநாடி அவரை விடவில்லை. பழந்தமிழ் ஏடுகளைப் பதிப்பித்த உ.வே.சா.வைப் பற்றிப் பள்ளியில் படித்தது பாதி நினைவாக வந்தது. கரையான் தின்ற ஏடுகளில் எழுத்து இல்லாத இடத்தை அவர் தம் சொல்லால் நிரப்பவில்லை. 1894இல் அவர் பதிப்பித்த புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் இல்லை. பெசன்ட் நகரில் அவர் பெயரிலுள்ள நூல்நிலையத்தில் சுவடிகள் இன்றும் காக்கப்படுகின்றன. ஆனால் அங்கே இடைவெளி என்பது இழப்பு. கேசட்டில் அதுவே இசையாகிவிட்டது.

தியாகராஜர் கீர்த்தனைகளுக்கு மூல நாடா ஏது? உமையாள்புரம், தில்லைஸ்தானம், வாலாஜாபேட்டை என்று சீடர் வழிக்கொரு பாடாந்தரம். ஒருவர் பிடித்த சங்கதி இன்னொருவரிடம் இராது. இரண்டையும் மயிலாப்பூர் சபாக்கள் தியாகராஜர் என்றே கேட்கின்றன. பாக்கும் அதே முன்னிசையை 1731இல் ஆர்கனுக்கும் வாத்தியக் குழுவுக்குமாக மாற்றி எழுதினார். ஆனால் சீடரும் பாக்கும் தெரிந்து செய்தார்கள். துகள் தானாக உதிர்ந்தது. இரண்டையும் ஒன்றென்று சொல்ல அவருக்கு மனம் துணியவில்லை.

புதிய பிரதியில் முன்பு கேட்காத அடிநாதங்கள் தெளிவாகக் கேட்கின்றன. அவை அவருக்கு உண்மையான மகிழ்ச்சி. அந்த இடம் நெருங்கும்போது மட்டும் அவர் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். வயலின் நிற்காமல் கடந்து போகிறது. இத்தனை காலம் நேசித்தது நரசிம்மனின் வில்லையா, உதிர்ந்த துகளையா என்பது அவருக்கு இன்னும் தெளியவில்லை.