கைவராமை குற்றமா?

ஒருவனுக்கு ஒரு தொழில் கைவராமை அவனது குற்றமாகுமா? திறமைக் குறைவு வேறு, ஒழுக்கக் குறைவு வேறு என்பதை அறிவால் யாவரும் ஒப்புவர். ஆயினும் நடைமுறையில் இவ்விரண்டையும் ஒன்றாக்கியே ஏசுகின்றோம். இம்மயக்கம் எத்துணைப் பழைமையானது என்பதை ஆங்கிலத்திலுள்ள 'லப்பர்' என்னும் சொல்லின் வரலாறு காட்டுகின்றது.

14ஆம் நூற்றாண்டில் அச்சொல் உழைக்க மனமின்றி உண்டு திரியும் பருத்த மந்தனைக் குறித்தது. 16ஆம் நூற்றாண்டில் மாலுமிகள் அதனை எடுத்தாண்டு, கப்பல் வேலை அறியாதவனை அவ்வாறு அழைக்கலாயினர். பின்னர் கடலறியாத நிலத்தாரும் 'லாண்ட்லப்பர்' எனப்பட்டனர். பாய்மரத்தின் இடைத்தட்டுக்கு வெளிப்புறக் கயிறுகளைப் பற்றி ஏறுவதே மாலுமிக்குப் பெருமை. அதற்கு அஞ்சியவன் தட்டின் நடுவேயுள்ள துவாரத்தினூடாக ஏறினான். அதுவும் 'லப்பரின் துவாரம்' எனப் பெயர் பெற்றது. சொல்லின் பொருள் சோம்பலிலிருந்து அறியாமைக்கு மாறிற்று. அதிலிருந்த பழி மட்டும் மாறவில்லை.

இச்சொல்லை வழங்கிய மாலுமிகள் நெடுங்காலம் தங்கிய துறைமுகங்களுள் திருகோணமலையும் ஒன்று. 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து அதனைக் கைப்பற்றிய பிரித்தானியர், 1957 வரை அங்கே கடற்படைத்தளம் வைத்திருந்தனர். நம் மீனவரின் கட்டுமரமோ தன் பெயரையே ஆங்கிலத்துக்கு அளித்தது. உயர்ந்த பாய்மரத்தில் அஞ்சாது ஏறிய மாலுமியைக் கட்டுமரத்தில் நிறுத்தினால் அவனே லப்பராவான். மீனவனைப் போர்க்கப்பலின் கயிறுகளிடையே நிறுத்தினால் அவனும் தடுமாறுவான். எனவே கைவராமை ஒருவனது பிறவிக்குணமன்று. பழகாத இடத்தில் எவருக்கும் நேர்வது.

கப்பலில் ஒருவன் இட்ட முடிச்சு நழுவினால் பலர் உயிரிழக்கலாமே, அவனைப் பழித்தல் தகாதா எனச் சிலர் வினவலாம். ஆபத்து மெய்யே. ஆயின் அறியாமைக்கு மருந்து பயிற்சியேயன்றி ஏச்சன்று. பயிற்சி பெற்ற பின்னரும் கவனியாதிருப்பவனே பழிக்குரியவன். பயிற்சி பெறாதவனை அவ்வேலையில் ஏவியவனும் அப்பழியிற் பங்குடையவன்.

இதற்குத் திருகோணமலையின் பெயர் தாங்கிய கப்பலே சான்று. 1817இல் பம்பாயில் தேக்கு மரத்தாற் கட்டப்பட்ட 'ட்ரிங்கோமலி' என்னும் அப்போர்க்கப்பல், 1897இல் கைமாறி வேறு பெயர் பெற்று, 1986 வரை இளைஞருக்குப் பயிற்சிக்கப்பலாய் உழைத்தது. இன்று தன் பழைய பெயருடன் இங்கிலாந்தின் ஹாட்டில்பூலில் நிற்கின்றது. கடலறியாது அதில் ஏறியோர் பழகத் தெரிந்துகொண்டு இறங்கினர்.

இவ்வுண்மை நமக்கும் அணித்தானது. 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின் மலையகத் தோட்டங்களை நீங்கித் திருகோணமலை, வவுனியாப் பகுதிகளிற் குடியேறியோர் பலர். கொழுந்து பறித்துத் தேர்ந்த கைகளுக்கு வரண்ட நிலத்தின் சேனைப்பயிர் புதிது. அக்கைகள் தடுமாறுவதைக் கண்டு சோம்பல் என்பவன், அவற்றின் பழைய திறமையையும் அவை இடம்பெயர்ந்த காரணத்தையும் ஒருங்கே மறுக்கின்றான். தடுமாறுபவனைக் காணும்போது, 'இவன் எங்கிருந்து வந்தான், இவனுக்கு யார் கற்பித்தார்?' என்று முதலிற் கேட்பதே அறமாகும்.