பாதி சொன்னால் போதுமா?

பொய் சொல்வது தவறு என்பதில் நமக்குள் கருத்து வேற்றுமை இல்லை. ஆனால் ஒருவன் சொன்னதெல்லாம் மெய், சொல்ல வேண்டியதில் பாதியைத்தான் சொன்னான் என்றால், அதற்கு என்ன பெயர் வைப்பது? கதை எழுதுகிற எனக்கு இந்தச் சங்கடம் அதிகமில்லை. ஊரின் பெயரை மாற்றிவிடலாம்; பெரிய மனிதருக்கு வேறு வேஷம் போட்டுவிடலாம்; வாசகர் புரிந்துகொள்வார். ஊரார் முன் நின்று, ஊரைப் பற்றியே பேசுகிறவனுக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. சமுதாய வானொலியை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்விதான் எனக்கு எழுகிறது.

சமுதாய வானொலி என்பது லாபம் கருதாமல், ஒரு வட்டாரத்து மக்கள் தங்களுக்காகத் தாங்களே நடத்திக்கொள்ளும் சிறு நிலையம். அதன் குரல் பத்துக் கிலோமீட்டர் போனால் அதிகம். 2016 ஆகஸ்டு 15-ல் பாம்பனில் மீனவர்களுக்கென்றே 'கடல் ஓசை' என்ற நிலையம் தொடங்கிற்று. காற்றின் வேகம், அலையின் உயரம், கடல்வாழ் உயிர்களைக் காக்க வேண்டியதன் அவசியம், நடுநடுவே பாட்டு, இவையெல்லாம் கடற்கரைத் தமிழிலேயே அங்கே ஒலிக்கின்றன. இந்தப் பணி சாமான்யமானதல்ல.

ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. காற்றலைகள் பொதுச் சொத்து என்று 1995-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. 2006-ல் மத்திய சர்க்கார் தொண்டு நிறுவனங்களுக்கும் நிலையம் நடத்த அனுமதி தந்தது. அந்த அனுமதியோடு ஒரு நிபந்தனையும் வந்தது. சொந்தமாகச் செய்தி சொல்லக் கூடாது. அரசியல் கூடவே கூடாது. அகில இந்திய வானொலியின் செய்தியை அப்படியே எடுத்து ஒலிபரப்பப் பிறகு இடம் கொடுத்தார்கள். ஆக, டில்லிச் சேதி சொல்லலாம்; தெருச் சேதி சொல்லக் கூடாது!

இது எங்கே இடிக்கிறது என்று பார்க்கப் புன்னைக்காயலுக்குப் போவோம். பொதிகையில் பிறந்த தாமிரபரணி கடலில் கலக்கும் இடம் அது. பழைய முத்துக்குளித்துறை. 1586-ல் 'அடியார் வரலாறு' என்ற தமிழ்ப் புத்தகம் இங்கே அச்சேறியது என்று அச்சுக்கலையின் வரலாறு எழுதியவர்கள் பலர் குறிக்கிறார்கள். அதை எழுதியவர் போர்ச்சுகல்லிலிருந்து வந்த அண்டிரிக் அடிகளார். தமிழுக்கு அது பெரும் பேறுதான். ஆனால் எதை அச்சிடுவது என்று தீர்மானித்தவர்கள் கரைக்கு வந்தவர்கள். கரையில் இருந்தவர்கள் கேட்டுக்கொண்டார்கள். அவர்கள் சொல்ல நினைத்தது என்ன என்பதற்கு ஏடு இல்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் அந்தப் பக்கம் பெய்த மழையை யாரும் மறந்திருக்க முடியாது. பக்கத்தில் இருக்கும் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர்! ஆறு கரை கடந்தது. மின்சாரம் போயிற்று. கைபேசிகள் ஊமையாயின. ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு ரயில், நூற்றுக்கணக்கான பிரயாணிகளோடு நின்றுவிட்டது. அப்படிப்பட்ட இரவில், பேட்டரியில் பாடும் ஒரு சின்ன ரேடியோவும், "தண்ணீர் வருகிறது, மேட்டுக்குப் போங்கள்" என்று சொல்ல ஓர் ஊர்க் குரலும் இருந்தால் எவ்வளவு உயிருக்குத் துணை! இதைச் சொல்ல எந்த விதியும் தடையில்லை.

வெள்ளம் வடிந்த மறுநாள்? எச்சரிக்கை ஏன் முன்னமே வரவில்லை, நீர் போகும் வழியை அடைத்தது யார், நிவாரணம் எந்தத் தெருவுக்கு வந்து எந்தத் தெருவுக்கு வரவில்லை என்று அதே குரல் கேட்டால் அது அரசியல். தண்ணீர் வருகிறது என்பது விஞ்ஞானம். ஏன் வந்தது என்பது அரசியல். இந்த வித்தியாசம் தண்ணீருக்குத் தெரியுமா? வீட்டை இழந்தவளுக்குத்தான் புரியுமா?

என் நண்பர் ஒருவர் இதை மறுத்துப் பேசினார். "பெரிய பத்திரிகையில் பொய் வந்தால் இன்னொரு பத்திரிகை மறுக்கும். சின்ன ஊரில் இருப்பது ஒரே குரல். அது ஒரு கட்சி கையிலோ, ஒரு ஜாதி கையிலோ சிக்கினால் ஊர் என்ன ஆகும்?" என்றார். இந்தப் பயத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. 1994-ல் ருவாண்டாவில் ஒரு வானொலி நிலையம் ஜனங்களைக் கொலைக்குத் தூண்டியதை உலகம் அறியும்.

ஆனால் அந்த நிலையத்தின் பின்னால் நின்றவர்கள் அதிகாரத்தில் இருந்தவர்கள். தூண்டிவிடுவதைத் தண்டிக்கச் சட்டம் வேண்டும், அது வேறு. கேட்பதையே தடுப்பது வேறு. மேலும், தடை போட்டதால் வதந்தி நின்றுவிட்டதா? முகமில்லாமல், பெயரில்லாமல், கைபேசிக்குக் கைபேசி தாவிக்கொண்டுதானே இருக்கிறது? ஊர் வானொலியில் பேசுகிறவனோ, மறுநாள் காலையில் மீன் ஏலம் போடும் இடத்துக்கு வந்தாக வேண்டும். "நேற்று என்னடா சொன்னாய்?" என்று நாலு பேர் கேட்பார்கள். எந்த விதியையும்விட அந்தக் கேள்வி வலிய காவல் என்று எனக்குத் தோன்றுகிறது.

நேபாளத்தில் சுற்றுச்சூழல் பற்றி எழுதும் பத்திரிகையாளர்கள் சேர்ந்து 1997-ல் 'ரேடியோ சாகர்மாதா'வைத் தொடங்கினார்கள். அங்கே அரசியலும் உண்டு, காற்று மாசும் உண்டு, நாட்டுப் பாடலும் உண்டு. 2005 பிப்ரவரியில் மன்னர் ஆட்சியைத் தம் கையில் எடுத்துக்கொண்டபோது, எப்.எம். நிலையங்கள் செய்தி சொல்லக் கூடாது, பாட்டு மட்டும் போடலாம் என்று உத்தரவாயிற்று. சிலர் செய்தியையே மெட்டுப் போட்டுப் பாடினார்கள்! நம் கரையில் வலை இழுப்பவர்கள் பாடும் அம்பாப் பாட்டையும் கேட்டுப் பாருங்கள். உழைப்பும் அலுப்பும் கேலியும் அதில் கலந்தே வரும். பாட்டு, விஞ்ஞானம், அரசியல் என்று மூன்று தனி அறைகள் கட்டியது ஏட்டுச் சட்டம். மனிதன் வாழ்வது ஒரே வீட்டில்.

பாதி சொல்கிறவனைப் பொய்யன் என்று நான் சொல்ல மாட்டேன். அவன் வாயைப் பாதி மூடிவைத்தவர்கள் வேறு யாரோ. ஆனால் புயல் வரும்போது நாம் நம்ப வேண்டிய குரல், புயல் போன பிறகு நமக்காகப் பேசக் கூடாத குரல் என்று தெரிந்தால், ஜனங்கள் அதை எத்தனை நாள் நம்புவார்கள்? நம்பிக்கை பாதி பாதியாக வருகிற சரக்கல்ல. உயிரைக் காப்பாற்றச் சொல்கிற வார்த்தைக்கு மதிப்பு வேண்டுமானால், நியாயம் கேட்கிற வார்த்தைக்கும் அந்த வாயில் இடம் இருக்க வேண்டும்.