மாதாவின் காவலும் மனிதரின் கடமையும்

ஓகஸ்ட் மாதம் பிறந்துவிட்டால் பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்க இல்லங்களில் ஒரே பேச்சுத்தான்: மடுவுக்கு எப்போது புறப்படுவது? வாடகைக்கு ஒரு வான் அமர்த்தப்படுகிறது. பாய், தலையணை, பிளாஸ்க், பிஸ்கற் ரின், அம்மம்மாவின் மருந்துப் பெட்டி எல்லாம் ஏறுகின்றன. வானின் முன்புறத்தில் மாதாவின் சிறு சுரூபம். செபமாலையோடு பிரயாணம் ஆரம்பமாகிறது. “மாதா காப்பா” என்று பெரியவர்கள் சொல்கிறார்கள்.

அந்த விசுவாசத்தை யாரும் குறைகூற முடியாது. ஆயினும் ஒரு கேள்வியை நாம் நம்மையே கேட்க வேண்டியிருக்கிறது. மாதாவை நம்பிப் புறப்படுவது வேறு. நமது கடமையை மாதாவின் தலையில் சுமத்திவிட்டுப் புறப்படுவது வேறு. நாம் செய்வது எது?

எங்கள் ஒழுங்கையிலிருந்து சில வருடங்களுக்கு முன் மடுவுக்குப் போன ஒரு குடும்பத்தின் கதை இது. 14ஆம் திகதி மாலை வேஸ்பர் ஆராதனை, 15ஆம் திகதி காலை திருநாள் திருப்பலி, பின்னர் மன்னாரில் உறவினர் வீடு. இரவு உணவுக்குப் பின் கொழும்புக்குப் புறப்பட்டார்கள். வழியோ 250 கிலோ மீற்றருக்கும் அதிகம். புத்தளத்தைத் தாண்டும்போது நள்ளிரவு கடந்துவிட்டது. எல்லோரும் நித்திரை. விழித்திருந்தவர் அம்மம்மா ஒருவரே. வான் இரண்டு தடவை தெருவோரத்துக்கு இழுபட்டதை அவர் கண்டார்.

“தம்பி, கண் சொருகுதோ?”

“இல்லையம்மா, பழகின ரோட்டுத்தானே.”

“பழகின ரோட்டில்தான் நித்திரை வரும். ஓரமாய் நிற்பாட்டு ராசா. கொஞ்சம் படுத்தெழும்பு.”

விழித்துக்கொண்ட மகன் முணுமுணுத்தார்: “காலையில் கந்தோருக்குப் போகவேணும் அம்மா.”

“கந்தோர் நாளைக்கும் இருக்கும்.”

வான் ஒரு பெற்றோல் நிலையத்தில் நின்றது. சாரதி ஆசனத்தைச் சாய்த்த மறுகணமே உறங்கிப்போனார். மூன்று மணி நேரம் எழும்பவேயில்லை. அப்போதுதான் மகனுக்கு ஒன்று உறைத்தது. இரண்டு நாட்களாக இந்த மனிதன் எங்கே படுத்தான், என்ன சாப்பிட்டான் என்று தாங்கள் ஒருவருமே கேட்கவில்லை. கோவில் வளவில் தாங்கள் கூடாரத்தில் படுத்தபோது, அவர் நுளம்புக்கடியில் வானுக்குள்ளேயே குந்தியிருந்திருக்கிறார்.

இருபத்து நான்கு மணி நேரம் தூங்காதவனுடைய கண்ணும் கையும், சட்டம் தண்டிக்கும் அளவுக்குக் குடித்தவனுடைய கண்ணையும் கையையும் போலத் தடுமாறும் என்பது ஆராய்ச்சியில் கண்ட உண்மை. குடித்த சாரதியின் வானில் நாம் பிள்ளைகளை ஏற்றமாட்டோம். தூங்காத சாரதியின் வானில் ஏற்றி, செபமாலையும் சொல்கிறோம்!

“அவர்தானே ஓடமுடியும் என்று சொன்னார்” என்று சிலர் வாதிடுவர். சொல்லத்தான் செய்வார். ஒரு நாள் ஓட்டத்தை இழந்தால் அவருடைய வீட்டில் அடுப்பு எரியாது. தேவைக்காக ஒருவன் கொடுக்கும் சம்மதம் நம்மைப் பொறுப்பிலிருந்து விடுவிக்காது. நாள் குறிப்பவர்கள் நாம். நேரம் குறிப்பவர்கள் நாம். “கெதியாய்ப் போ” என்பவர்களும் நாமே. ஆகவே சாரதிக்கு ஒரு படுக்கை, மூன்று வேளைச் சாப்பாடு, ஓர் இரவு நித்திரை என்பன தருமமல்ல, நீதி.

2007ஆம் ஆண்டில் வத்திக்கான் வீதிப் பிரயாணிகளுக்கென ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. அதில் சாரதிகளுக்குப் பத்துக் கற்பனைகள் கூறப்பட்டன. முதலாவது, கொலை செய்யாதே என்பதே. 1992இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூலும், குடியினாலோ வேகப்பித்தினாலோ பிறர் உயிரை ஆபத்துக்குள்ளாக்குவதை ஐந்தாம் கற்பனையின் கீழேயே வைத்து, பாரதூரமான குற்றம் என்கிறது. பாவசங்கீர்த்தனத்துக்குப் போகும்போது இதை நம்மில் எத்தனை பேர் நினைக்கிறோம்?

நமது நாட்டு வீதிகள் நமக்குப் போதுமான பாடம் புகட்டியுள்ளன. 2023 ஜனவரி 20ஆம் திகதி, கொழும்பிலிருந்து சுற்றுலா போன மாணவர்களின் பஸ் நானுஓயாவில் வானொன்றுடனும் முச்சக்கரவண்டியுடனும் மோதியது; 7 பேர் மாண்டனர். 2025 மே 11ஆம் திகதி அதிகாலை கொத்மலை கரண்டியெல்லவில் கதிர்காமத்திலிருந்து வந்த பஸ் பள்ளத்தில் வீழ்ந்தது. 20க்கும் அதிகமானோர் மாண்டனர். அதே ஆண்டு செப்டெம்பர் 4ஆம் திகதி எல்லவில் உல்லாசப் பிரயாணம் போனவர்களின் பஸ் கவிழ்ந்து 15 உயிர்கள் போயின. இவர்களும் சந்தோஷமாக வீட்டிலிருந்து புறப்பட்டவர்கள்தாம்.

அப்படியானால் இறந்தவர்கள் எல்லோரும் கவனமற்றவர்களா? அல்லவே அல்ல. சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் அல்லர் என்று இயேசு தெளிவாகச் சொன்னார். எவ்வளவு கவனமாயிருந்தாலும் துன்பம் வரலாம். அதைத் தாங்கத்தான் விசுவாசம் வேண்டும். ஆனால் நமது அசட்டையால் வந்ததைக் “கடவுளின் சித்தம்” என்று சொல்வது கடவுள்மீதே பழிபோடுவதாகும். தேவாலய உச்சியிலிருந்து குதிக்கும்படி சாத்தான் சொன்னபோது, தூதர்கள் தாங்குவார்கள் என்ற வாக்குறுதி பொய் என்று ஆண்டவர் சொல்லவில்லை. பிதாவைச் சோதிக்கத்தான் மறுத்தார்.

நமது முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். காட்டு வழியே மாட்டு வண்டியில் மடுவுக்குப் போன அவர்கள், பாம்புக்கடியிலிருந்து காக்கும் என்று மடு மண்ணைப் பக்தியோடு எடுத்துவந்தார்கள். ஆனால் இருட்டில் நடக்கும்போது பந்தத்தைக் கொளுத்தாமல் விட்டார்களா? மண்ணும் கையில் இருந்தது, பந்தமும் கையில் இருந்தது.

நமது காலத்துப் பந்தங்கள் எவை? புறப்படுமுன் ரயரையும் பிறேக்கையும் பார்ப்பித்தல். பின் ஆசனத்தில் இருப்போரும் பட்டி அணிதல். மலைநாட்டு இறக்கத்தில் தாழ்ந்த கியரில் இறங்கும்படி சொல்லுதல். தொடர்ந்து மிதித்தால் பிறேக் சூடேறிப் பிடிக்காமற் போகும். தேங்காய்ப்பால் கறியும் சம்பலும் வெயிலில் சீக்கிரம் பழுதாகும். முதல் வேளைக்குள் அவற்றை முடித்துவிட வேண்டும். கொதித்தாறிய தண்ணீர் தாராளமாக வேண்டும். அம்மம்மாவின் மாத்திரைகள் கைப்பையில் இருக்கட்டும். ஆழம் தெரியாத குளத்திலும் ஆற்றிலும் பிள்ளைகளை இறங்க விடாதிருப்போம். ஆபத்து வேளையில் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். அதைச் சிறுவர்களும் மனப்பாடம் செய்யட்டும்.

இவையெல்லாம் பக்திக்குப் புறம்பானவை என்று எண்ண வேண்டாம். விவேகத்தையும் திருச்சபை புண்ணியம் என்றே அழைக்கிறது. அதுவும் தலையான நான்கு புண்ணியங்களில் முதலாவதாக.

அந்த வான் மறுநாள் காலை பம்பலப்பிட்டிக்கு வந்து சேர்ந்தது. மகன் கந்தோருக்குப் பிந்தித்தான் போனார். அடுத்த வருடம் மடுவுக்குப் போகும்போது வீட்டிலிருந்து ஒரு பாய் கூடுதலாக எடுத்தார்கள். அது சாரதிக்கு. அந்தப் பாயும் மாதாவுக்குச் செலுத்திய காணிக்கையே.